இரண்டு மொழி பேசும் வெள்ளிக்காசு: முதல் முறை வாங்குகிறவர்களுக்கு

பூவா தலையா போட்டுப் பார்க்க இந்தக் காசு உதவாது. தலை விழுந்தால் இரண்டு தலையாக விழும். ஒரு பக்கம் ரஷ்யப் பேரரசின் இரட்டைத்தலைக் கழுகு, மறுபக்கம் இலைவளையம். வளையத்துக்குள் மேல் வரியில் ரஷ்ய எழுத்தில் ¾ ரூபிள், அதற்குக் கீழே போலிஷ் எழுத்தில் 5 ஸ்லோட்டி, அடியில் ஆண்டு. ராஜாவின் முகம் எங்கும் கிடையாது.

1833 முதல் 1841 வரை போலந்துக்காக ரஷ்ய ஆட்சி அடித்த காசு இது. இதே குடும்பத்தில் சிறியதும் பெரியதுமாக இன்னும் சில உண்டு. ஐரோப்பிய வெள்ளி சேர்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். ஒன்பது பத்து ஆண்டு மட்டுமே அடித்தார்கள் என்பதால் எல்லை தெளிவாக இருக்கிறது. காசின் மேலேயே இரண்டு மொழியில் மதிப்பு எழுதியிருப்பதால், கையில் வைத்துக்கொண்டே படிக்கப் பழகலாம். வாங்குவதற்கு முன்னால் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம், விலை அப்புறம்.

ஏன் முக்கால் ரூபிள்?

முதல் கேள்வி எல்லோருக்கும் இதுதான் வரும். ஒன்றரை ரூபிள், முக்கால் ரூபிள் என்று யாராவது காசு அடிப்பார்களா?

1815-இல் வியன்னா மாநாடு முடிந்ததும் போலந்து ராஜ்யம் என்ற ஒன்றை உண்டாக்கி, ரஷ்ய ஜார் முதலாம் அலெக்சாந்தரையே அதற்கு அரசராக்கினார்கள். பெயருக்கு ரஷ்யாவோடு ஒட்டியிருந்தாலும் தனி அரசியல் சட்டம், தனிப் படை, தனி நாணயம் எல்லாம் இருந்தன. நாணயத்தின் பெயர் ஸ்லோட்டி. (நாம் இப்படி எழுதினாலும் போலந்துக்காரர் வாயில் அது 'ஸ்வொத்தி' என்றுதான் வரும். குறுக்குக்கோடு போட்ட 'எல்' எழுத்துக்கு அங்கே 'வ' ஓசை.) ஒரு ஸ்லோட்டிக்கு 30 குரோஷ். ரஷ்யக் கணக்கில் ஒரு ஸ்லோட்டி 15 கோபெக் வெள்ளி; நூறு கோபெக் ஒரு ரூபிள்.

1830 நவம்பரில் வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டே அது அடக்கப்பட்டது. 1832-இல் பழைய அரசியல் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொரு சாசனத்தை வைத்தார் ஜார் முதலாம் நிக்கோலாய். அதே ஆண்டில்தான் இந்தக் குடும்பத்தின் முதல் இரட்டை மதிப்புக் காசும் தலைகாட்டுகிறது; 5 ஸ்லோட்டி அதற்கு அடுத்த ஆண்டில். ரஷ்யாவிலும் செல்ல வேண்டும், போலந்திலும் செல்ல வேண்டும். போலந்துக்காரரின் கணக்குப் பழக்கமோ ஸ்லோட்டியில். 15 கோபெக்கை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 5 ஸ்லோட்டி 75 கோபெக், 10 ஸ்லோட்டி 150 கோபெக். முக்காலும் ஒன்றரையும் வந்த வழி அதுதான். தங்கத்தில் 20 ஸ்லோட்டி சரியாக 3 ரூபிள் ஆகிவிடுவதால் அங்கே மட்டும் கணக்கு அழகாக உட்காரும்.

எதை வாங்குவது

வெள்ளியில் இரட்டை மதிப்புக் காசுகள் இவை. எடை புதிதாக அச்சிலிருந்து வந்தபோது இருந்திருக்க வேண்டியது:

- 15 கோபெக் / 1 ஸ்லோட்டி: 3.11 கிராம்
- 30 கோபெக் / 2 ஸ்லோட்டி: 6.22 கிராம்
- ¾ ரூபிள் / 5 ஸ்லோட்டி: 15.54 கிராம்
- 1½ ரூபிள் / 10 ஸ்லோட்டி: 31.1 கிராம்

எல்லாவற்றுக்கும் ஒரே மாற்று: ஆயிரத்தில் 868 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. அதனால் எடையும் மதிப்புக்கு நேர் விகிதத்தில் ஏறிக்கொண்டே போகிறது. இந்த நான்கு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

என் சிபாரிசு 5 ஸ்லோட்டி. நம் ஊர் பழைய வெள்ளி ரூபாயைவிடக் கொஞ்சம் அகலமாக, கையில் கனமாக இருக்கும். கழுகின் இறகு, கிரீடம், நெஞ்சுக் கேடயம் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு. சந்தையில் அவ்வளவு அரிதும் இல்லை. பணம் குறைவு என்றால் 1 ஸ்லோட்டியில் ஆரம்பிக்கலாம்; ஆனால் அது சிறிய காசு, கைமாறிக் கைமாறி வழவழப்பாகிவிட்டதே அதிகம் கிடைக்கும். 10 ஸ்லோட்டி கம்பீரமானது, 40 மில்லிமீட்டர் அளவில் உள்ளங்கையை நிறைக்கும், அதே காரணத்தால் போலிக்காரர்களுக்கும் பிடித்தமானது. முதல் காசாக அதை வாங்காதீர்கள்.

10 ஸ்லோட்டியைப் பற்றி இன்னொன்று. அதன் எடை தற்செயலாக, தங்கம் வெள்ளி நிறுக்கும் ஒரு டிராய் அவுன்ஸுக்கு வந்து நிற்கிறது. 'ஒரு அவுன்ஸ் வெள்ளி' என்று விளம்பரம் போடுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் சுத்த வெள்ளி 27 கிராம்தான்.

எழுத்தைப் படிப்பது

ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். பத்து மடங்கு போதும். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அது.

முதலில் கழுகுப் பக்கம். கழுகின் வால் அருகே இரண்டு சிறிய எழுத்துகள் இருக்கும். ஆங்கில எம், டபிள்யூ என்று இருந்தால் காசு வார்சா நாணயச்சாலையில் பிறந்தது. வேறுமாதிரி இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள்: முதல் எழுத்து ஆங்கில எச் போலத் தெரியும், இரண்டாவது தலைகீழாக நிற்கும் எல் போலத் தெரியும். இரண்டும் ரஷ்ய எழுத்துகள். முன்னது நம் 'ந', பின்னது 'க'. நிக்கோலாய் கிராச்சொவ் என்ற அதிகாரியின் பெயர்ச்சுருக்கம். காசு பீட்டர்ஸ்பர்க்கில் அடித்தது என்று பொருள். விற்கிறவர்கள் இதை ஆங்கில எச் என்றே பட்டியலில் போட்டுவிடுவதும் உண்டு. தேடும்போது அப்படியும் ஒருமுறை தேடிப் பாருங்கள், நல்ல காசு சில நேரம் தப்பான பெயரில் ஒளிந்திருக்கும்.

கழுகின் நெஞ்சைப் பாருங்கள். குதிரைமேல் ஒருவர் ஈட்டியோடு இருப்பார். அவர் புனித ஜார்ஜ், மாஸ்கோவின் அடையாளம். இதற்கு முந்தைய அலெக்சாந்தர் காலத்து ஸ்லோட்டியிலும் ரஷ்ய இரட்டைத்தலைக் கழுகு உண்டு, ஆனால் அதன் நெஞ்சில் இருந்தது போலந்தின் ஒற்றைத்தலைக் கழுகு. கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை அந்தச் சின்னக் கேடயம் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்தப் பழைய காசு ஒன்றின் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே இந்தத் தொடரில் பித்துப் பிடித்தது.

அப்புறம் மதிப்புப் பக்கம். மேல் வரி ரஷ்ய எழுத்து. 'ரூபிள்' என்ற சொல் ஆங்கில பி போன்ற எழுத்தில் தொடங்கும். அது ரஷ்ய 'ர'. கீழ் வரி லத்தீன் எழுத்து, அதில் எல் மேல் குறுக்குக்கோடு இருக்கிறதா பாருங்கள். மட்டமான வார்ப்புப் போலிகளில் இந்தக் கோடு மொழுக்கென்று கரைந்து போயிருக்கும்.

ஏலப் பட்டியல்களில் 'பிளாகெ' என்றோ 'பிட்கின்' என்றோ பெயர் போட்டுப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். முன்னவர் இந்த ராஜ்யத்தின் காசுகளைத் தொகுத்த போலந்துக்காரர், பின்னவர் ரஷ்யக் காசுகளைத் தொகுத்தவர். ஒரே காசை இரண்டு நாட்டுக்காரரும் தம் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே தேடும்போது போலந்து என்றும் தேட வேண்டும், ரஷ்யா என்றும் தேட வேண்டும். ஒரே ஆண்டுக் காசிலேயே புனித ஜார்ஜ் சிறியவரா பெரியவரா, மேலங்கி இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் உள்பிரிவு பிரிப்பார்கள். ஆரம்பத்தில் அதற்குள் போக வேண்டாம், ஆனால் ஒரே போலத் தெரியும் இரண்டு காசுக்கு விலை ஏன் எட்டத்தில் இருக்கிறது என்று குழம்பினால் காரணம் அங்கேதான் இருக்கும்.

எடையும் தண்ணீரும்

இதுதான் நான் அதிகம் நம்புகிற சோதனை. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன மின்தராசு வாங்கிக்கொள்ளுங்கள். காந்தமும் ஒன்று வேண்டும்; வெள்ளி ஒட்டாது. ஒட்டினால் அதோடு விஷயம் முடிந்தது.

5 ஸ்லோட்டியை எடுத்துக்கொள்வோம். 15.54 இருக்க வேண்டியது, தேய்ந்த காசில் 15.3, 15.2 என்று இறங்கும். அது இயல்பு. பார்த்தால் புத்தம்புதுசு, எடை மட்டும் 14.6 என்றால் சந்தேகப்படுங்கள். எடை அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். காசு தேயுமே தவிர வளராது.

எடை சரியாக வந்துவிட்டால் மட்டும் போதாது, எடையைப் பொருத்திப் போலி செய்வது கஷ்டமில்லை. எடையும் கனபரிமாணமும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒரு சிறிய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் சுருக்குப் போட்டுக் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி கையில் பிடியுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாக ஆட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

868 மாற்று வெள்ளிக்கு அடர்த்தி 10.2, 10.3 என்று வர வேண்டும். அதாவது 15.54 கிராம் காசுக்குத் தராசு 1.51 அல்லது 1.52 காட்டும். அதே எடையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையில் செய்த போலி என்றால் 1.8-க்குப் பக்கத்தில் போகும். ஈயம் கலந்தது 1.4-க்குக் கீழேகூட இறங்கும். வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் போல அவ்வளவு பெரிது. 1 ஸ்லோட்டிக்கு மட்டும் இந்தச் சோதனை அவ்வளவு நம்பகம் இல்லை. காசு சிறியது, தராசின் சின்னப் பிசகே கணக்கைக் கலைத்துவிடும்.

சுண்டிப் பார்த்து ஓசை கேட்பது நம் வழக்கம். நகத்தால் மெதுவாகத் தட்டிக் கேட்டால் போதும். தரையில் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம், விளிம்பில் ஒரு நசுங்கல் விழுந்தால் பாதி விலை போய்விடும்.

மாற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கை. அலெக்சாந்தர் காலத்து 1 ஸ்லோட்டி 4.55 கிராம். இரட்டை மொழி 1 ஸ்லோட்டி 3.11 கிராம்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் பழையது ஆயிரத்தில் 593 பங்கு வெள்ளி. கணக்குப் போட்டால் இரண்டிலும் சுத்த வெள்ளி ஏறக்குறைய 2.7 கிராம். செம்பைத்தான் குறைத்திருக்கிறார்கள். ஆக, 'சின்னதாக இருக்கிறதே' என்று ஒரு காசை ஒதுக்குவதற்கு முன் அது எந்த ஆண்டுடையது என்று பார்த்துவிடுங்கள்.

காயம் தேடுவது

போலியால் பணம் இழப்பதைவிட, அசல் காசில் மறைத்த காயத்தால் பணம் இழக்கிறவர்கள்தான் அதிகம். நானே அப்படித்தான். ஆரம்ப நாளில் ஒரு 2 ஸ்லோட்டி வாங்கினேன். படத்தில் கருமை படிந்து நன்றாக இருந்தது. கையில் வந்த பிறகு ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், கிரீடத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி, மிளகு அளவில் ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி மின்னியது. சுற்றியிருந்த வெள்ளி சாம்பல் நிறம், அந்த இடம் லேசாக நீலம். விளிம்பின் பற்கள் அங்கே வந்து நின்று, விட்டு, மறுபடி தொடங்கின. தராசில் 5.97. யாரோ எப்போதோ ஓட்டை போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, பிறகு வந்தவர் ஈயத்தை வைத்து அடைத்து மேலே கருமை பூசியிருக்கிறார். விற்றவர் 'எனக்குத் தெரியாது' என்றார். இருக்கலாம்.

அதிலிருந்து எந்தக் காசையும் விளிம்பிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு பெரும்பாலும் மேல் உச்சியில் இருக்கும். விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு கோடு ஓடினால் இரண்டு பாதியை ஒட்டிய வார்ப்பு. படமோ எழுத்தோ இல்லாத வெறும் பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள் இருந்தாலும் வார்ப்பு. ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் என்றால் யாரோ தேய்த்துத் துலக்கியிருக்கிறார்கள்.

இயல்பான தேய்மானம் மேட்டில் ஆரம்பிக்கும். கழுகின் தலைகள், கிரீடம், நெஞ்சுக் கேடயம், இலைகளின் நடு நரம்பு. மேடு கூர்மையாக இருந்து பள்ளம் மட்டும் மழுங்கியிருந்தால் அது கையால் வந்த தேய்மானம் இல்லை.

'குடும்ப ரூபிள்' என்று ஒன்று உங்கள் கண்ணில் பட்டே தீரும். 1835, 1836 என்று ஆண்டிட்ட 10 ஸ்லோட்டி. ஒரு பக்கம் நிக்கோலாய் முகம், மறுபக்கம் நடுவில் அரசி, சுற்றிலும் ஏழு பிள்ளைகள். பரிசாகக் கொடுக்கவென்று மிகச் சில மட்டும் அடித்தது. அசல் ஏலத்துக்கு வந்தால் வீடு வாங்கும் விலை போகும். நினைவுப் பொருளாகச் செய்த நகல்களோ எங்கும் இறைந்து கிடக்கின்றன. பழைய பெட்டியில் கிடைத்தது, தாத்தாவுடையது என்று கதையோடு யாராவது கொண்டுவந்தால் கதையை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

விலையும் வாங்குமிடமும்

விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். போலந்து ஏலக்கூடங்கள் பழைய ஏல முடிவுகளைப் படத்தோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே ஆண்டு, அதே நாணயச்சாலை எழுத்து, கிட்டத்தட்ட அதே நிலையில் ஒரு பத்துக் காசு என்ன விலைக்குப் போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

போலந்து முறையில் காசின் நிலையை ரோமன் எண்ணில் போடுவார்கள். ஒன்று என்றால் அச்சிலிருந்து வந்தபடி, இரண்டு நல்ல நிலை, மூன்று ஓரளவு தேய்ந்தது, நான்கு நன்றாகத் தேய்ந்தது. பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியும் வரும். என்னைக் கேட்டால் துலக்காத மூன்று, துலக்கிய இரண்டைவிட மேல். பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரம் குறித்து வரும் காசுகளும் உண்டு. இப்படித் தரம் குறிக்கும் நிறுவனங்களில் என்ஜிசி, பிசிஜிஎஸ் இரண்டும் பரவலாக ஏற்கப்படுபவை. அவர்கள் எண்ணுக்குப் பதில் 'டீட்டெய்ல்ஸ்' என்று போட்டிருந்தால் காசு அசல், ஆனால் துலக்கியதோ காயம்பட்டதோ என்று அர்த்தம். உறையையே போலியாகச் செய்கிறவர்களும் இருப்பதால், உறை எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தை ஒத்துப் பாருங்கள்.

ஏலத்தில் கேட்ட தொகையோடு செலவு நிற்காது. ஏலக்கூடக் கட்டணம், அஞ்சல், காப்பீடு, இங்கே வந்ததும் சுங்கம். எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, அப்புறம் உங்கள் உச்சத் தொகையை முடிவு செய்யுங்கள். போலந்திலிருந்து பழம்பொருள் வெளியே போவதற்குச் சட்ட வரம்பு உண்டு. அனுமதித் தாள் தேவையா என்று பணம் கட்டும் முன்பே ஏலக்கூடத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. விற்பதானால் உள்ளூரிலேயே ஆள் தேட வேண்டியிருக்கும் என்பதை வாங்கும்போதே கணக்கில் வையுங்கள். வாங்கிய ரசீதையும் சுங்கத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்வது

வீட்டில் யார் கண்ணிலும் படாமல் வையுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் திருடர் பயம் மட்டும் இல்லை. கருத்த வெள்ளியைப் பார்த்தால் நம் வீடுகளில் கை சும்மா இருக்காது. விபூதி, பல்பொடி, பாத்திரம் துலக்கும் பொடி, ஏதாவது ஒன்றைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள், அன்பாகத்தான். குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேல் நூற்றெண்பது ஆண்டாகப் படிந்த கருமை போனால் திரும்ப வராது. பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சற்று நேரம் போட்டு எடுத்துத் தானாக உலர விடுங்கள், தேய்க்காதீர்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும்; அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டுபோகாமல் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சைப் பிசினை விட்டுவிடும். காற்றுப் புகாத வட்ட டப்பி நல்லது; 5 ஸ்லோட்டிக்கு வாங்குமுன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். கடலோரத்தில் இருக்கிறீர்கள் என்றால் கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. காசைப் பிடிக்கும்போது இரண்டு விரலால் விளிம்பில் பிடியுங்கள், கீழே ஒரு துண்டு விரித்திருக்கட்டும். டப்பியோடு ஒரு சீட்டில் ஆண்டு, நாணயச்சாலை, நீங்கள் எடுத்த எடை, தண்ணீரில் வந்த எண், வாங்கிய தேதி, கொடுத்த விலை எல்லாம் எழுதி வையுங்கள். விலையை வேண்டுமானால் வீட்டில் புரியாதபடி எழுதலாம்.

அடுத்த காசு

5 ஸ்லோட்டி ஒன்று கைக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் போவது என்று கேட்பீர்கள். பின்னால் போனால் அலெக்சாந்தர் முகம் போட்ட ஸ்லோட்டிகள். அவர் 1825-இல் இறந்த பிறகும் அவர் முகத்தையே வைத்து, 'போலந்து ராஜ்யத்தை உயிர்ப்பித்தவர்' என்று சுற்றிலும் எழுதி, மறுபக்கத்தில் நிக்கோலாய் பெயரைப் போட்டு அடித்தார்கள். இரட்டை மொழிக் காசு வந்த முதல் சில ஆண்டுகளில் இதுவும் கூடவே அடிக்கப்பட்டது. நடுவில், 1831-இல் கிளர்ச்சிக்காரர்கள் தாங்களே அடித்த காசும் உண்டு: போலந்துக் கழுகும் லித்துவேனியாவின் குதிரைவீரனும் ஒரே கேடயத்தில்.

முன்னால் போனால் தொடர் சுருங்கிக்கொண்டே வரும். 1841-உடன் ஸ்லோட்டி என்ற சொல் வெள்ளியிலிருந்து மறைகிறது. 1842 முதல் 1850 வரை 20 கோபெக் / 40 குரோஷ், 25 கோபெக் / 50 குரோஷ் என்று இரண்டே சிறு காசுகளில் போலிஷ் வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே காலத்தில் வார்சா முழு ரூபிளும் அடித்தது, 1842 முதல் 1847 வரை. அதில் ஒரு வரி போலிஷ் கிடையாது, முழுக்க ரஷ்யன். கழுகின் அருகே மட்டும் எம், டபிள்யூ என்று இரண்டு லத்தீன் எழுத்துகள் இருக்கும். பீட்டர்ஸ்பர்க் ரூபிள்களுக்கு நடுவே அதைத் தேடி எடுக்க அந்த உருப்பெருக்கிக் கண்ணாடி மறுபடி வேண்டியிருக்கும்.